குரங்குக் காப்பகத்தில் டெட்டனஸ்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

தனியார் வளர்ப்பிலிருந்தும் ஆய்வுக்கூடங்களிலிருந்தும் வந்து சேர்ந்த ரீசஸ் குரங்குகள் முப்பதுக்குச் சற்றுக் கூடுதலாக இருந்த காப்பகம் அது. பல வருடங்களாகச் சிமெண்டுத் தரைக் கூண்டுகளில் சிறு சிறு குழுக்களாக இருந்தவற்றை, மரங்களும் மண்தரையும் உள்ள பெரிய அடைப்பு ஒன்றுக்கு மாற்றினார்கள். குரங்குகளுக்கு அது நல்லதுதான். இதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. செடிகள் வேர்பிடிக்கட்டும் என்று மாட்டுச் சாணமும் குதிரைச் சாணமும் கலந்த எருவை மண்ணில் போட்டிருந்தார்கள். வெளியிலிருந்து ஆலோசனைக்கு வந்துபோகும் கால்நடை மருத்துவன் என்ற முறையில் இந்த நிகழ்வில் எனக்குப் பங்கு உண்டு.

இடம் மாறிய கையோடு தனித்தனிக் குழுக்கள் ஒன்றாகின. இணைசேரும் பருவமும் அப்போதே தொடங்கியது. யார் பெரியவன் என்பது முடிவாகும்வரை சண்டை ஓயவில்லை. விரல், வால், காது மடல், உதடு, தொடை என்று எங்காவது கடிபடாத வளர்ந்த ஆண் அந்தக் கூட்டத்தில் இல்லை. பெரிய கிழிசல்களைத் தவிர மற்றக் காயங்களைத் தொடாமல் விட்டார்கள். இது அலட்சியம் அல்ல. ரீசஸ் குரங்கின் சதை வியக்கும்படி வேகமாக ஆறும். சின்னக் காயத்துக்காக ஒரு ஆணைப் பிடித்து மயக்கம் கொடுத்து ஒரு நாள் வெளியே வைத்தால், திரும்பிப் போகும்போது அதன் இடம் பறிபோயிருக்கும். மறுபடி சண்டை, மறுபடி காயம்.

வருடத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் மயக்கத்தில் பரிசோதிப்பது வழக்கம். கண் இமையில் காசநோய்ப் பரிசோதனை ஊசி, எடை, பல், குடற்புழு மருந்து. அந்தப் பட்டியலில் டெட்டனஸ் தடுப்பூசி இல்லை. சிமெண்டுத் தரையில் இருந்த காலத்தில் ஒரு குரங்குக்கும் அந்த நோய் வராததால் யாரும் அதைக் கேட்கவும் இல்லை.

முதலில் கண்ணில் பட்டது

கூட்டத்தில் இரண்டாம் நிலையில் இருந்த ஒரு ஆணைப் பற்றிப் பராமரிப்பாளர் தன் நாட்குறிப்பில் எழுதியது: "மேலே ஏறவில்லை. கீழ்ப் பலகையிலேயே உட்கார்ந்திருக்கிறது. பழத்தை வாங்கியது, சாப்பிடவில்லை." மறுநாள் காலையில், பின்னங்கால்களை மடக்காமல் விறைப்பாக ஊன்றி நடப்பதாகவும், சில சமயம் இரண்டு காலில் எழுந்து தத்துவதாகவும் எழுதியிருந்தார். சண்டையில் இடுப்பில் அடிபட்டிருக்கும் என்பது அங்கிருந்தவர்களின் கணிப்பு. நியாயமான கணிப்புதான்.

அவர் கைப்பேசியில் எடுத்திருந்த வீடியோவைப் பார்த்தபோது என்னைத் தடுத்து நிறுத்தியது நடை அல்ல, சாப்பிடும் விதம். குரங்கு வாழைப்பழத்தின் தோலைப் பதறாமல் உரிக்கிறது. வாய்க்குக் கொண்டுபோகிறது. பழம் முன்பற்களில் முட்டி நசுங்கி உதட்டில் அப்புகிறது. கையை இறக்கிப் பழத்தைப் பார்க்கிறது. மறுபடி முயல்கிறது. பசியில்லாத விலங்கு உணவைத் திரும்பிப் பார்க்காது. இதற்கோ பசி இருக்கிறது, வாய்தான் திறக்கவில்லை. இடது கன்னப்பை புடைத்தே இருந்தது. எப்போதோ அடைத்து வைத்த கடலையை வெளியே தள்ளி மெல்ல முடியாமல் அது அங்கேயே ஊறிக்கொண்டிருந்தது.

இன்னொன்று முகம். உதட்டின் இரு ஓரங்களும் பின்னுக்கு இழுபட்டு, பற்கள் தெரிய இளித்தபடி இருந்தது. ரீசஸ் குரங்குகளில் இதைப் பிழையாகப் படிப்பது மிகச் சுலபம். தன்னைவிடப் பலமானவனிடம் பணியும்போது அவை பல்லைக் காட்டி இளிக்கும். "பெரியவனைப் பார்த்துப் பயந்துபோயிருக்கு" என்றார் ஒரு பணியாளர். ஆனால் பெரியவன் அடைப்பின் மறுகோடிக்குப் போன பிறகும் அந்த இளிப்பு கலையவில்லை, தூங்கும்போதும் கலையவில்லை. பயத்தால் வந்த இளிப்பு பயம் போனதும் போய்விடும். தசை இறுக்கத்தால் வந்தது போகாது. அந்த ஒரு கவனிப்பே நோயைக் கிட்டத்தட்டச் சொல்லிவிட்டது.

என்னென்ன சந்தேகப்பட்டோம்

தாடை இறுகியிருந்தால் உடனே டெட்டனஸ் என்று எழுதிவிடக் கூடாது. பல்லடியில் சீழ், கடிபட்டுத் தாடை எலும்பு முறிவு, தாடை மூட்டு விலகல் ஆகிய மூன்றும் வாயைத் திறக்கவிடாது. ஆனால் அவை காலை விறைக்க வைக்காது. எலிக்கு வைத்த ஸ்ட்ரிக்னின் நஞ்சைத் தின்றிருந்தால் டெட்டனஸ் போலவே இசிவு வரும். அதில் இரண்டு இசிவுகளுக்கு இடையே தசைகள் தளர்ந்துவிடும். இந்தக் குரங்கின் வயிறும் கழுத்தும் இடைவெளியே இல்லாமல் பலகை போல இருந்தன.

ரேபிஸைத்தான் எளிதில் ஒதுக்க முடியவில்லை. குரங்கின் நினைவு தெளிவாக இருந்தது, ஆள் நகர்ந்த பக்கமெல்லாம் கண் தொடர்ந்தது; இது டெட்டனஸுக்குச் சாதகமான அறிகுறி. இருந்தாலும் முழு உறுதி வரும்வரை ரேபிஸ் என்றே வைத்துக் கையாள்வது என முடிவெடுத்தோம். ரீசஸ் குரங்குகள் பல, பி வைரஸ் எனப்படும் ஹெர்ப்பிஸ் வகைக் கிருமியைச் சுமப்பவை. குரங்குக்கு அது பெரிதாக ஒன்றும் செய்யாது. மனித உடலில் புகுந்தால் மூளையைத் தாக்கிக் கொல்லக்கூடியது. அதனால் கையுறை, முகக்கவசம், கண்ணாடி இல்லாமல் யாரும் கிட்டே போகக் கூடாது என்பது எப்படியும் விதிதான்.

கெட்டமைன் என்ற மயக்கமருந்தை மட்டும் கொடுத்துப் பரிசோதித்தால் குழப்பம் வரும். அந்த மருந்தே தசையை விறைக்கச் செய்யும் என்பதால் விறைப்பு நோயால் வந்ததா மருந்தால் வந்ததா என்று தெரியாது. தசையைத் தளர்த்தும் மிடசோலத்தையும் சேர்த்துக் கொடுத்தோம். உடம்பு ஓரளவு தளர்ந்தது. தாடை மட்டும் ஒரு விரல் நுழையும் அளவுக்குக்கூடத் திறக்கவில்லை. எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை, பற்களின் வேர்களும் சுத்தமாக இருந்தன.

காயத்தைத் தேடத்தான் நேரம் பிடித்தது. பெரிய கடிக்காயங்கள் எல்லாம் ஆறி ரோமம் முளைத்துக்கொண்டிருந்தன. கடைசியில் வலது பின்னங்காலின் இரண்டு விரல்களுக்கு நடுவே, பொருக்கு தட்டிக் காய்ந்துபோன ஒரு சிறு துளை தென்பட்டது. பொருக்கை எடுத்ததும் அடியில் கறுத்த சதையும் கொஞ்சம் சீழும். கோரைப்பல் குத்தி மேலே மூடிக்கொண்ட காயம். டெட்டனஸ் கிருமிக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. காற்றுப் படும் இடத்தில் அது வளராது. மண்ணிலும் சாணத்திலும் ஸ்போர் எனப்படும் கெட்டி உறை போர்த்த வடிவில் வருடக்கணக்கில் உறங்கிக் கிடந்து, ஆக்ஸிஜன் இல்லாத செத்த சதை கிடைத்ததும் விழித்து நச்சைச் சுரக்கும். அந்த நச்சு நரம்பு வழியாகவே தண்டுவடத்துக்கு ஏறி, தசைகளைத் தளர்த்தச் சொல்லும் சமிக்ஞையைத் தடுத்துவிடுகிறது. பிரேக் அறுந்த வண்டி மாதிரி தசைகள் இழுத்துக்கொண்டே போகின்றன.

சீழை வளர்ப்புப் பரிசோதனைக்கு அனுப்பினோம், கிருமி வளரவில்லை. அதற்காக நோய்க்கணிப்பை மாற்றவில்லை. மனிதர்களிலேயே பாதிக்கும் குறைவான நோயாளிகளிடம்தான் காயத்திலிருந்து கிருமியைப் பிரித்தெடுக்க முடிகிறது. டெட்டனஸைக் கண்ணால் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

முதல் குரங்குக்குச் செய்த சிகிச்சை

செத்த சதையை வெட்டி நீக்கி, ஹைட்ரஜன் பெராக்சைடால் கழுவி, தையல் போடாமல் காயத்தைத் திறந்தே விட்டோம். நச்சை முறிக்கும் எதிர்ப்பொருள் அடங்கிய எதிர்நச்சாகக் குதிரைச் சீரமும் கிடைத்தது, மனித இரத்தத்திலிருந்து எடுத்த இம்யூனோகுளோபுலினும் கிடைத்தது. குதிரைச் சீரத்தில் ஒவ்வாமை அதிர்ச்சி வரும் அபாயம் அதிகம் என்பதால் மனித வகையைத் தேர்ந்தெடுத்தோம். எதிர்ப்புறத் தொடையில் தடுப்பூசியின் முதல் தவணையையும் போட்டோம். நோய் வந்திருக்கும்போது தடுப்பூசி எதற்கு என்று கேட்டார்கள். இந்த நச்சு அவ்வளவு கொடியது; உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டத் தேவையான அளவுக்கு முன்பே ஆளைக் கொல்லும் அளவு வந்துவிடும். அதனால் டெட்டனஸிலிருந்து பிழைத்த விலங்குக்கு அது மறுபடியும் வரலாம்.

ஆன்டிபயாட்டிக்காக பெனிசிலினை விட்டு மெட்ரோனிடசோலை எடுத்துக்கொண்டோம். எந்தத் தடுப்புச் சமிக்ஞையை நச்சு முடக்குகிறதோ அதே சமிக்ஞையின் வேலையைப் பெனிசிலினும் ஓரளவு தடுக்கும் என்பது காரணம். இசிவுக்கு டயசபம். அறையை இருட்டாக்கி, கதவுக் கீல்களுக்கு எண்ணெய் போட்டு, குரங்கின் காதில் பஞ்சு அடைத்தோம். இரும்புத் தாழ்ப்பாள் ஒன்று விழுந்த சத்தத்துக்கே அதன் உடல் வில்லாக வளைந்ததைப் பார்த்தவர்களுக்கு இதன் அவசியத்தை விளக்க வேண்டியிருக்கவில்லை.

தாடை இறுகியதற்கும் உடல் முழுக்க இசிவு வந்ததற்கும் இடையே முழுதாக இரண்டு நாள்கூட இல்லை. அந்த இடைவெளி எவ்வளவு குறுகியதோ அவ்வளவு கெட்ட சகுனம். நரம்புக்குள் ஏறிவிட்ட நச்சை எந்த எதிர்நச்சாலும் திரும்பி வாங்க முடியாது. புதிய நரம்பு முனைகள் வளரும்வரை வாரக்கணக்கில் நோயாளியை உயிரோடு பிடித்து வைத்திருப்பதுதான் சிகிச்சை. காப்பகத்தில் செயற்கைச் சுவாசக் கருவி இல்லை. எனவே தொடக்கத்திலேயே ஒரு எல்லையை எழுதி வைத்தோம்: மருந்து கொடுத்தும் இசிவின்போது மூச்சு நின்று ஈறு நீலமாவது திரும்பத் திரும்ப நடந்தால் கருணைக்கொலை. மூன்றாம் இரவில் அந்த நிலை வந்தது. முன்பே முடிவு செய்திருந்ததால், நள்ளிரவில் களைத்துப்போன மூவர் நின்று வாதம் செய்யும்படி ஆகவில்லை.

மூளைத் திசுவில் ரேபிஸ் இல்லை என்று பரிசோதனை உறுதி செய்தது. பிரேதப் பரிசோதனையில் விசேஷமாக ஒன்றும் தெரியவில்லை. டெட்டனஸில் தெரியவும் தெரியாது.

இரண்டாவது நோயாளி

குட்டி போட்டு இரண்டு வாரமாகாத ஒரு பெண் குரங்கு, அடுத்த பிரசவ காலத்தின் தொடக்கத்தில், மேல் பலகையிலிருந்து இறங்கும்போது தடுமாறியது. அதே பராமரிப்பாளர் அன்று மதியமே கூப்பிட்டார். "டாக்டர், வாய் இன்னும் திறக்குது, ஆனா மெல்ல ரொம்ப நேரம் எடுத்துக்குது" என்றார். முதல் குரங்கை அவர் பார்த்திராவிட்டால் இது இன்னும் இரண்டு நாள் தள்ளிப்போயிருக்கும்.

பாலூட்டும் தாய்க்குக் கால்சியம் குறைந்தாலும் விறைப்பு வரும். இரத்தத்தில் கால்சியம் சரியாக இருந்தது. உடலில் காயம் ஏதும் இல்லை. ஸ்கேனில் கருப்பைக்குள் நஞ்சுக்கொடியின் துண்டு ஒன்று தங்கியிருப்பது தெரிந்தது. மண்தரையில் நடந்த பிரசவம், உள்ளே அழுகும் திசு: கால்விரல் இடுக்கின் அதே கதைதான், இடம் மட்டும் வேறு. மயக்கத்தில் கருப்பையைச் சுத்தம் செய்து, மற்றச் சிகிச்சைகளை முதல் குரங்குக்குப் போலவே தொடங்கினோம்.

இங்கே எங்களை அதிகம் அலைக்கழித்தது குட்டி. தாயோடு விட்டால் அது கத்தும் ஒவ்வொரு கத்தலும் தாய்க்கு இசிவைக் கிளப்புகிறது. முலையைப் பிடித்து இழுப்பதும் அப்படியே. இசிவு வரும்போது தாயின் கை இறுகிக் குட்டி நசுங்கும் ஆபத்தும் உண்டு. பிரித்தால் தாய் தவிக்கும், அந்தத் தவிப்பும் இசிவைக் கூட்டும். குட்டிக்கோ, இந்த வயதில் மனிதக் கையில் வளர்ந்தால் பிற்பாடு குரங்குகளோடு குரங்காக வாழத் தெரியாமல் போகும். பராமரிப்பாளர்களில் இருவர் பிரிக்கவே கூடாது என்றார்கள். தலைமைப் பராமரிப்பாளர் உடனே பிரிக்கச் சொன்னார்.

முதலில் தாய்க்கு மயக்கமருந்தின் அளவைக் கூட்டி, ஒரு இரவு சேர்த்தே வைத்துப் பார்த்தோம். இசிவுகள் குட்டியின் அசைவை ஒட்டியே வருவது விடியும்முன் தெளிவாகிவிட்டது. தாய் ஆழ்ந்த மயக்கத்தில் இருந்த நேரம் பார்த்துக் குட்டியை எடுத்தோம். ஆனால் மனிதர் மடிக்குக் கொண்டுபோகவில்லை. கம்பளி சுற்றிய உருளை ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொள்ளக் கொடுத்து, கூட்டத்தைப் பார்க்கவும் கேட்கவும் முடிகிற, கம்பிவலைக்கு அடுத்த கூண்டில் வைத்தோம். பால் புகட்டும் நேரத்தில் மட்டும் ஆள் போனார். தடுப்பூசி போடாத தாயிடமிருந்து எதிர்ப்பொருள் எதுவும் குட்டிக்கு வந்திருக்காது என்பதால் தொப்புளை அயோடினால் சுத்தம் செய்து, அதற்கும் இம்யூனோகுளோபுலின் கொடுத்தோம். அதற்கு ஒன்றும் வரவில்லை.

தாய்க்கு நோய் முற்றவில்லை. அறிகுறிகள் மெதுவாகத்தான் ஏறின, மூச்சு ஒருபோதும் நிற்கவில்லை. மூக்கு வழியே குழாய் விட்டு உணவு, மயக்கத்தில் இருக்கும்போது மட்டும். சிறுநீர் தானாகப் போகாத நாட்களில் வயிற்றை அழுத்தி எடுக்க வேண்டியிருந்தது. படுக்கைப்புண் வராமல் புரட்டிப் போட வேண்டியிருந்தது. ஒன்றரை மாதத்துக்குப் பிறகு தானாகக் கடலையை உடைத்துத் தின்றது. நடையில் விறைப்பு இன்னும் சில வாரம் இருந்தது. பால் வற்றிவிட்டது. வலை வழியாகத் தொட்டுப் பழகிய பிறகு குட்டியைச் சேர்த்தபோது தாய் அதை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டது. பால்புட்டி மட்டும் எங்கள் வேலையாகத் தொடர்ந்தது.

கூட்டம் முழுவதற்கும் தடுப்பூசி

முதல் சாவுக்குப் பிறகே தடுப்பூசிப் பேச்சு எழுந்தது. ஒரு குரங்கு செத்ததற்காக முப்பதையும் பிடிக்க வேண்டுமா என்று நிர்வாகி கேட்டார். நான் கயோ சாண்டியாகோவைச் சொன்னேன். போர்ட்டோ ரிக்கோ கரைக்கு அப்பால் உள்ள அந்தச் சிறு தீவில் 1938-இல் இந்தியாவிலிருந்து ரீசஸ் குரங்குகளைக் கொண்டுபோய் விட்டார்கள். தடுப்பூசிக்கு முன்னால் அங்கே நடந்த சாவுகளில் ஏறத்தாழக் கால்வாசிக்கு டெட்டனஸ்தான் காரணம். இணைசேரும் பருவத்தில் சண்டைக் காயத்தால் ஆண்களையும், பிரசவத்தை ஒட்டிப் பெண்களையும் அது தாக்கியது. 1985-இல் எல்லாக் குரங்குகளையும் பிடித்து டாக்ஸாய்டு ஊசி, அதாவது வீரியம் நீக்கிய நச்சாலான டெட்டனஸ் தடுப்பூசி, போடத் தொடங்கிய பிறகு டெட்டனஸ் சாவுகள் அநேகமாக நின்றேபோயின. நிர்வாகிக்கு அது போதுமானதாக இருந்தது.

ஆனால் எப்போது பிடிப்பது? சண்டைப் பருவத்தின் நடுவில் கூட்டத்தைக் கலைத்தால் புதுக் காயங்கள் உண்டாகும், ஊசி வேலை செய்யும்முன் அந்தக் காயங்களே நோய்க்கு வழியாகும். காயம்பட்ட ஆண்களுக்கு மட்டும் உடனே போடுவது, மற்றவற்றுக்கு வருடாந்தரக் காசநோய்ப் பரிசோதனையைச் சில மாதம் முன்னுக்கு இழுத்து அப்போதே போடுவது என்று ஏற்பாடானது. அந்த இடைவெளியில்தான் இரண்டாவது நோயாளி வந்தது. கர்ப்பமான பெண்களை முதல் பட்டியலிலேயே சேர்த்திருக்க வேண்டும் என்று நான் கேட்டேன். மயக்கத்தால் கரு கலைந்துவிடும் என்ற பயம் அங்கே வென்றது. அந்தப் பயமும் ஆதாரமில்லாதது அல்ல.

போட்டது மனிதர்களுக்கான அதே டாக்ஸாய்டு, 0.5 மி.லி., தொடைத் தசையில். இரண்டாம் தவணை ஒரு மாதம் கழித்து. மூன்றாவது அடுத்த வருடாந்தரப் பரிசோதனையில். ஒரு மாதத்துக்குள் மறுபடி பிடிப்பதுதான் தலைவலி. பராமரிப்பாளர்கள் ஒரு யோசனை சொன்னார்கள்: வலையோரம் வந்து தொடையை ஒட்டி வைத்தால் உலர்திராட்சை. முதலில் விரலால் தொட்டார்கள், பிறகு மூடிய பேனாவால், பிறகு ஊசியில்லாத சிரிஞ்சால். பாதிக்கும் மேற்பட்டவை இரண்டாம் தவணையை மயக்கமே இல்லாமல் வாங்கிக்கொண்டன. மற்றவற்றுக்கு, சுவரை நகர்த்திக் குரங்கை அசையாமல் ஒடுக்கும் நெருக்குக் கூண்டு.

ஒரு கிழட்டுப் பெண் எதற்கும் மசியவில்லை. ஒன்று விட்டுப்போனால் பரவாயில்லை, மற்றவற்றுக்குப் போட்டாகிவிட்டதே என்று சொன்னவர்கள் உண்டு. தொற்றுநோய்களுக்கு அந்தக் கணக்குச் சரி. டெட்டனஸ் ஒன்றிடமிருந்து இன்னொன்றுக்குப் பரவுவதில்லை, மண்ணிலிருந்து நேராக வருகிறது. இருபத்தொன்பது குரங்குக்குப் போட்ட ஊசி முப்பதாவதுக்கு ஒரு துளியும் உதவாது. அதைப் பல் சிகிச்சைக்காக மயக்கும்போது மறக்காமல் போட வேண்டும் என்று அதன் அட்டையில் சிவப்பில் எழுதி வைத்தார்கள், போட்டும்விட்டார்கள்.

அப்புறம் நடந்தது, மாற்றிக்கொண்டவை

அடுத்த இணைசேரும் பருவத்திலும் கடிக்காயங்களுக்குக் குறைவில்லை. டெட்டனஸ் வரவில்லை. இவ்வளவு சிறிய கூட்டத்தில் ஒரு வருடம் வராததை மட்டும் வைத்துத் தடுப்பூசியின் பலன் என்று நான் வாதாட மாட்டேன். தீவின் அனுபவம் இருப்பதால்தான் அதை நம்புகிறேன்.

மண்ணை ஆய்வுக்கு அனுப்பலாமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றேன். கிருமி இருக்கிறது என்று வந்தால் எந்த மண்ணிலும் அப்படித்தான் வரும். இல்லை என்று வந்தால் அந்தக் கரண்டி மண்ணில் இல்லை என்று மட்டுமே பொருள். மண்தரையைத் தோண்டி மீண்டும் சிமெண்டு போடும் யோசனையும் எழுந்து அடங்கியது. குதிரைச் சாணத்தை மட்டும் நிறுத்தினார்கள். எருதான் மூலம் என்று நிரூபிக்க வழியில்லை. இருந்தாலும் குதிரையின் குடலில் இந்தக் கிருமி சாதாரணமாகக் குடியிருப்பது தெரிந்த விஷயம். நிறுத்துவதற்குச் செலவும் இல்லை.

கர்ப்பிணிகளை விட்டுவிடும் முடிவு திருத்தப்பட்டது. வலையோரப் பயிற்சி வந்தபின் அவற்றுக்கு மயக்கமே தேவைப்படவில்லை. கர்ப்ப காலத்தில் போடும் ஊசியின் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியே குட்டிக்கும் போகிறது. குட்டிகள் ஒரு வயதை நெருங்கும்போது அவற்றின் சொந்த முதல் தவணை. புதிதாக வரும் குரங்குக்குத் தனிமைப்படுத்தும் காலத்திலேயே இரண்டு தவணைகளும் முடிந்த பிறகுதான் கூட்டத்தில் இடம்.

காயக் கொள்கையும் கொஞ்சம் மாறியது. பரந்த கிழிசலை முன்போலவே ஆறவிடுகிறார்கள். சின்ன வாயும் ஆழமான குழியுமான குத்துக் காயத்தைக் கண்டால், குறிப்பாகக் கை கால் விரல்களில், குரங்கைப் பிடித்துத் திறந்து கழுவுகிறார்கள். முன்பு நேர் எதிராக இருந்தது: பார்க்கப் பயங்கரமானதற்குச் சிகிச்சை, சின்னதற்கு ஒன்றுமில்லை. இரண்டு தவணை முடியாத குரங்கு என்றால் கூடவே இம்யூனோகுளோபுலினும் உண்டு.

பணியாளர்களின் தடுப்பூசி அட்டைகளை எடுத்துப் பார்த்தபோது, கடைசி ஊசி போட்டுப் பத்து வருடம் தாண்டியவர்களும், எப்போது போட்டோம் என்று நினைவே இல்லாதவர்களும் இருந்தார்கள். அதே எருவை வெறுங்கையால் அள்ளியவர்கள் அவர்கள். குரங்குகளுக்கான மூன்றாம் தவணை நாளன்று அவர்களுக்கும் ஒரு செவிலியரை வரவழைத்து ஊசி போட்டார்கள்.